உவர்மலைக் கராஜில் ஒரு பளுதூக்கும் மேடை

முதல் தடவை 80 கிலோவைத் தலைக்கு மேலிருந்து கீழே விட்டபோது பக்கத்து வீட்டு ஆச்சி வேலியடிக்கு வந்து நின்றார். “தம்பி, எங்க விழுந்தது?” என்று கேட்டார். என்ன விழுந்தது என்று கேட்கவில்லை, எங்கே என்றுதான் கேட்டார். திருகோணமலையில் அந்த வயதில் இருப்பவர்களுக்கு முதலில் வாயில் வருவது அந்தக் கேள்விதான். நான் கராஜைக் காட்டினேன். சீமெந்துத் தரையில் முழ நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதன் மேல் இரண்டு கால்மிதி. என் ஏற்பாடு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு மேடை செய்தேன். முதலாவது ஒரே மாரியில் உப்பி, கறையான் ஏறி, விறகுக்குக்கூட உதவாமல் போனது. இரண்டாவது மூன்று மாரியைத் தாண்டி இன்னும் நிற்கிறது. நான் முதலில் பின்பற்றிய வழிமுறை குளிர்நாட்டுக் கராஜுக்கு எழுதியது: பிளைவூட்டைத் தரையில் போடு, பசை பூசு, அடுத்த அடுக்கை ஒட்டு, ஸ்குரூவை இறுக்கு, தூக்கத் தொடங்கு. இங்கே பளுவால் மேடை கெடுவதற்கு முன் ஈரத்தால் கெட்டுவிடும். ஆகவே நான் சொல்லப்போகிற முறையில் எதையும் எதோடும் ஒட்டுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் கழற்றிச் சுவரில் சாய்த்துக் காயவைக்கலாம். மற்ற விஷயங்களில் கொஞ்சம் பிழை விட்டாலும் சமாளிக்கலாம். இதில் விட்டால் திரும்பவும் கடைக்குத்தான் போக வேண்டும்.

நான் தச்சன் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் கோப்புப் புரட்டுகிறவன். 2006இல் மெல்பேர்ண் பொதுநலவாய விளையாட்டு விழாவில் சிந்தன விதானகே 62 கிலோ பிரிவில் தங்கம் எடுத்தபோது என் உடல் எடையும் 62 கிலோ. அந்த ஒரே ஒற்றுமையை வைத்துக்கொண்டு பாரை, அதாவது பளு மாட்டுகிற இரும்புத் தண்டைத் தொட்டேன். இப்போது 78 கிலோ, ஒற்றுமை எதுவும் மிச்சமில்லை. மனைவியின் அப்பா திருக்கடலூரில் வள்ளம் செய்தவர், இப்போது ஃபைபர் படகு திருத்துகிறார். இந்த மேடையில் பார்க்க நன்றாக இருப்பதெல்லாம் மாமாவின் கை, வளைந்திருப்பதெல்லாம் என் கை.

விலை எதுவும் எழுதவில்லை. போன மாதம் கேட்ட விலையை இந்த மாதம் சொன்னால் கடைக்காரர் சிரிக்கிறார்.

இடம்

தரையை அளப்பதற்கு முன் கூரையை அளவுங்கள். தும்புத்தடியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே நன்றாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து தடி வரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அதோடு 9 அங்குலம் கூட்டுங்கள். பாரின் இரு நுனியிலும் மாட்டுகிற வட்டமான எடைத் தட்டுத்தான் பிளேட்; பெரிய பிளேட்டின் விட்டம் 450 மில்லிமீற்றர், ஆரை ஏறக்குறைய 9 அங்குலம். மேடையின் உயரத்துக்கு 2 அங்குலம். ஜேர்க் செய்யும்போது, அதாவது தோளிலிருந்து தலைக்கு மேலே ஒரே உந்தில் தள்ளும்போது, உடம்பு துள்ளும், அதற்கு ஒரு சாண். இவ்வளவும் கூட்டி வருகிற உயரத்தில் கூரைச் சட்டம், டியூப் லைட், விசிறி எதுவும் இருக்கக்கூடாது. நான் கூரையை அளந்தேன், விசிறியை மறந்தேன். பாரின் நுனி விசிறி இறகில் பட்ட சத்தத்துக்கு வீட்டுக்குள்ளிருந்து வந்த கேள்விகளை இங்கே எழுத முடியாது. இப்போது விசிறி சுவரில் இருக்கிறது.

ஆண்களுக்கான 20 கிலோ பார் 2.2 மீற்றர் நீளம், 7 அடி 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பெண்களுக்கான 15 கிலோ பார் 2.01 மீற்றர். பிளேட்டைப் பக்கவாட்டில் உருவி எடுக்க வேண்டும் என்பதால் இரண்டு பக்கமும் ஓரடிக்கு மேல் இடம் தேவை. என் கராஜ் 11 அடி அகலம், அது போதுமாக இருக்கிறது. 10 அடியிலும் செய்யலாம், சுவரில் முழங்கை தேய்ந்தாலும் பரவாயில்லை என்றால்.

போட்டிகளில் மேடை 4 மீற்றருக்கு 4 மீற்றர். வீட்டில் 8 அடிக்கு 8 அடி போதும். பிளைவூட் ஒரு தாள் 8 அடிக்கு 4 அடி என்பதால், இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் வெட்டு இல்லாமல் சதுரம் வந்துவிடும். மேல் அடுக்கில் நடுவில் முழுத் தாள் ஒன்று, அதில் நாம் நிற்கிறோம். அதன் இரு பக்கமும் 2 அடி அகல றப்பர், அதில் பிளேட் விழுகிறது.

நடுப் பலகை 4 அடி போதுமா என்ற கேள்வி எனக்கும் வந்தது. பாரில் பிளேட் வந்து முட்டி நிற்கிற இரண்டு வளையங்களுக்கும் இடைத்தூரம் 1310 மில்லிமீற்றர், ஆண் பாரிலும் பெண் பாரிலும் அதே அளவுதான். 4 அடிப் பலகை 1220 மில்லிமீற்றர். ஆகவே நேராக இறக்கினால் ஒவ்வொரு பக்கமும் 45 மில்லிமீற்றர் தள்ளி, முழுவதும் றப்பரில்தான் பிளேட் விழும். 45 மில்லிமீற்றர் பெரிய தூரமில்லை. ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தால் பலகை விளிம்பில் பட்டே தீரும். என் மேடையில் அப்படிப் பட்ட இடங்கள் நாலைந்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் எந்தத் தூக்கு என்று எனக்குத் தெரியும்.

தரை

பெரும்பாலும் எல்லாரும் அவசரப்படுகிற இடம் இது. கராஜ் தரை மட்டமாக இருக்காது, தண்ணீர் வெளியே ஓடட்டும் என்று மேசன் வாசல் பக்கம் சரித்துத்தான் போட்டிருப்பார். அது அவருடைய பிழை அல்ல. ஆனால் சரிவில் வைத்த பார் உருளும். பாரைச் சரிவின் போக்கிலேயே வைத்தால் உருளாது, ஆனால் ஒரு தோள் தாழ்ந்துதான் தூக்க வேண்டும். இரண்டும் வேண்டாம்.

மட்டம் பார்க்க மேசன்மார் வைத்திருக்கிற, உள்ளே தண்ணீர் தெரிகிற நீள டியூப் போதும். தண்ணீர் நிரப்பி, நடுவில் காற்றுக் குமிழி இல்லை என்று பார்த்து, ஒரு நுனியை உள் மூலையிலும் மறு நுனியை வாசல் மூலையிலும் பிடித்தால் தண்ணீர் மட்டம் இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்கும். அங்கிருந்து தரைக்கு அளந்தால் வித்தியாசம் வந்துவிடும். எனக்கு 8 அடிக்கு ஒன்றேகால் அங்குலம்.

முதல் மேடையில் நான் பலகைக்குக் கீழே சிறு சிறு ஆப்புகளைச் செருகி மட்டம் எடுத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். ஆப்புக்கும் ஆப்புக்கும் நடுவில் வெற்றிடம். அது மேளம். ஒவ்வொரு தடவையும் பலகை வளைந்து, ஸ்குரூ தளர்ந்து, சத்தம் இரண்டு மடங்கானது. அந்த இருட்டு இடுக்குகளில்தான் கறையானும் வீடு கட்டியது. மேடையின் அடி ஒவ்வொரு அங்குலமும் தரையில் உட்கார வேண்டும். கீழே சட்டம் அடித்து உயர்த்துவதும் இதே காரணத்தால் சரிவராது.

இரண்டாம் தடவை மேசனைக் கூப்பிட்டேன். பழைய தரையில் கனமான கறுப்புப் பொலித்தீன் விரித்தோம், 1000 கேஜ் என்று கேட்டால் தருவார்கள். துண்டுக்குத் துண்டு ஓரடி ஏறவிட்டு, ஓரத்தைச் சுவரில் கொஞ்சம் மடித்துவிட்டோம். அதன் மேல் கம்பி வலை போட்டு, சிறு சல்லியில் கொங்கிறீற்று, மெல்லிய பக்கத்தில் இரண்டரை அங்குலம். இதைவிட மெல்லிசாக வெறும் சாந்து பூசி மட்டம் எடுத்தால் பூரி மாதிரி எழும்பி உடையும். தரை உயர்ந்ததில் இன்னொரு லாபம், வாசலில் நிற்கிற மழைத்தண்ணீர் இப்போது உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. கூரையை மட்டும் திரும்பவும் அளந்துகொள்ளுங்கள்.

பிறகு 28 நாள் பொறுங்கள். கொங்கிறீற்றின் பலத்துக்கு வழக்கமாகக் கணக்கு வைக்கிற நாள் அது. முதல் கிழமை சாக்கு போட்டுத் தண்ணீர் காட்டுங்கள், மிச்ச நாள் கதவைத் திறந்து காய விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி: தெளிவான பொலித்தீனில் இரண்டடிச் சதுரம் வெட்டி, நாலு பக்கமும் டேப்பால் தரையில் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் ஏறுகிறது. எனக்கு மூன்றாவது சோதனையில்தான் காய்ந்து வந்தது. நான் இதைக் கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று வீசுகிற காலத்தில் செய்தேன். கச்சானைத் திட்டாதவர் இந்த ஊரில் இல்லை, ஆனால் கொங்கிறீற்றும் பலகையும் காய அதைப்போல ஒன்று கிடையாது. ஐப்பசியில் தொடங்கினால் தை வரை பொலித்தீன் வியர்த்துக்கொண்டேதான் இருக்கும்.

பலகை

தேவையானது இவ்வளவு: அடி அடுக்குக்கு 6 நூல் பிளைவூட் இரண்டு, நடு அடுக்குக்கு 4 நூல் இரண்டு, மேலே 6 நூல் ஒன்று. ஓர் அங்குலத்துக்கு 8 நூல். கடையில் 6 நூல் என்று கேட்டால் கிடைப்பது 18 மில்லிமீற்றர், 4 நூல் என்றால் 12 மில்லிமீற்றர். நான் அடிக்குச் சட்டரிங் பலகை எடுத்தேன், கொங்கிறீற்றுத் தட்டு அடைக்கிற, முகம் வழுவழுவென்று பளபளக்கிறது. ஈரத்துக்கு அது நிற்கும். மேலே அதைப் போடக்கூடாது, வியர்வைக் காலுக்கு வழுக்கும். நடுவுக்கும் மேலுக்கும் மரைன் பிளைவூட்.

மரைன் என்று அச்சடித்திருப்பதெல்லாம் மரைன் அல்ல. சாதாரணப் பிளைவூட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் மரத்தில் இருப்பதைவிடப் பசையில் இருக்கிறது. மரைனில் இருப்பது கொதிநீருக்கும் விடாத பசை. என் முதல் மேடைக்கு மரைன் என்று சொல்லி விற்ற பலகை கார்த்திகையில் புத்தகம் மாதிரி விரிந்தது. இரண்டாம் தடவை, வாங்குவதற்கு முன் கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து, பானையில் போட்டு எட்டு மணித்தியாலம் அவித்தேன். ஒரு கடைத் துண்டு மூன்றாவது மணித்தியாலத்திலேயே ஏடு ஏடாகக் கழன்றது. இன்னொன்று கறுத்ததே தவிர விடவில்லை, அதையே வாங்கினேன். அந்தப் பானையில் பிறகு யாரும் சோறு வடிக்கவில்லை. பழைய பானையாக எடுங்கள்.

கடையில் ஒவ்வொரு தாளையும் நிமிர்த்தி, விளிம்பு வழியே ஒரு கண்ணால் பாருங்கள். வளைவு இருந்தால் தெரியும். விளிம்பைச் சுற்றிலும் உள் ஏடுகளுக்கு நடுவில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன ஓட்டை அலுமாரி செய்ய ஒன்றும் பண்ணாது. இங்கே 100 கிலோ பார், பிளேட்டின் அடி 1.8 மீற்றர் உயரத்தில் இருக்கும்போது விட்டால், தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் வேகத்தில் வருகிறது. சைக்கிளை நல்லாக மிதித்துப் போகிற வேகம். அது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்தால் ஓட்டைக்கு மேலே இருக்கிற ஏடு நொறுங்கிவிடும்.

ஒரு தாளைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், 6 நூல் தாள் 30 கிலோவுக்கு மேல் வரும். லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினால் கீழே சாக்கு போடுங்கள். மேடு ஏறும்போது பலகை பின்னால் வழுக்கும். உவர்மலை ஏற்றத்தில் எனக்கு அது நடந்தது, பின்னால் வந்த ஓட்டோக்காரர் நல்ல மனிதர்.

இனி ஈரமும் கறையானும். பலகை தண்ணீர் குடிப்பது முகத்தாலல்ல, விளிம்பால். ஒவ்வொரு தாளின் நாலு விளிம்பையும் மணல்தாளால் தேய்த்து, படகுக்குப் பூசுகிற ரெசினை ஹார்ட்னர் கலந்து இரண்டு தடவை பூசினார் மாமா. முதல் பூச்சை விளிம்பு அப்படியே குடித்துவிடும், அது காய்ந்த பிறகு இரண்டாவது. திறந்த இடத்தில் செய்யுங்கள், புகை தலையைச் சுற்றும். முகங்களுக்குக் கறையான் தடுப்பு மருந்து ஒரு தடவை, காய்ந்த பிறகு பொலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு தடவை. கையுறை இல்லாமல் மருந்தைத் தொட வேண்டாம். மேல் தாளின் முகத்துக்கு மட்டும் பளபளப்பில்லாத வார்னிஷ் வாங்கி, கடைசிப் பூச்சைக் காய்ந்ததும் லேசாகத் தேய்த்துவிட்டோம். வெறுங்காலோடு வியர்வையில் நின்று பார்த்தேன், பிடிக்கிறது.

இந்த இடத்தில் எனக்கும் மாமாவுக்கும் ஒரு சண்டை. “மருமகன், பலகைக்கு எண்ணெய் குடுக்கோணும். கழிவு ஒயில அடிச்சு விடுங்கோ, கறையான் எட்டியும் பாக்காது” என்றார். முன்பு வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசின கை அது, அவருக்கு மரம் என்றால் எண்ணெய்தான். நான் மறுத்தேன். மணத்துக்காக மட்டும் அல்ல. பெற்றோலிய எண்ணெய் பட்டால் றப்பர் ஊறி மெதுவாகும். மேலே இருக்கப்போவது றப்பர். அவர் ஒரு துண்டு சைக்கிள் டியூப்பைக் கழிவு ஒயில் போத்தலில் போட்டு வைத்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை வந்து எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ரெசின் டின்னைத் திறந்தார்.

பூட்டுதல்

தரையைக் கூட்டித் துடையுங்கள். ஒரு மணல் பரல் இருந்தாலும் பலகை அதன் மேல் ஆடும். தரைக்குக் கீழே பொலித்தீன் போடாதவர்கள் இப்போது பலகைக்குக் கீழே ஒன்று விரிக்கலாம். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி மேடை தொடங்கட்டும். சுவரைத் தொட்டால் அதிர்வு சுவர் வழியே வீட்டுக்குள் போகும். கறையான் மண் ஏற்றினாலும் அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரியும்.

அடி அடுக்கு: இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில், பொருத்து முன்னிருந்து பின்னாக ஓடும்படி. மூலைவிட்டம் இரண்டையும் அளந்து ஒன்றாக வருகிறதா பாருங்கள். 8 அடிச் சதுரத்துக்கு 11 அடி 3¾ அங்குலம் வர வேண்டும். நடு அடுக்கு இதற்குக் குறுக்கே, பொருத்து இடமிருந்து வலமாக. இரண்டு அடுக்கின் பொருத்தும் ஒரே கோட்டில் வந்தால் அங்கே மடியும்.

ஸ்குரூ துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். உவர்மலை என்ற பேரிலேயே உப்பு இருக்கிறது. மூன்று பக்கமும் கடல். சாதாரண ஸ்குரூ இரண்டு வருடத்தில் தலை கரைந்து, கழற்றப் போனால் திருகுகோல் வெறுமனே சுற்றும். கழற்றுகிற மேடை என்று பெரிதாகப் பேசிவிட்டுக் கழற்ற முடியாத ஸ்குரூவைப் போடுவதில் அர்த்தமில்லை. நடு அடுக்கை அடியோடு பிடிக்க ஓர் அங்குல ஸ்குரூ. இரண்டும் சேர்ந்து 30 மில்லிமீற்றர் என்பதால் கீழே குத்தாது. ஓரம் முழுக்க ஓரடிக்கு ஒன்று, நடுவில் ஒன்றரை அடிக்கு ஒன்று. பிளேட் விழுகிற இரண்டு பட்டையிலும், பார் வைக்கிற கோட்டைச் சுற்றி ஒன்றரை அடிக்குள் ஒன்றும் வேண்டாம். அங்கே ஸ்குரூ போட்டால் அடி விழ விழ அதன் தலை மேலே வந்து றப்பரைக் குடையும். முதலில் மெல்லிய துளை, பிறகு தலை உட்கார ஒரு குழி, பிறகு ஸ்குரூ. ஒவ்வொரு தாளின் இடத்தையும் பென்சிலால் இலக்கமிட்டு வையுங்கள், அடுத்த வருடம் உங்களுக்கே நினைவிருக்காது.

மேல் தாளை நடுவில் வைத்து ஒன்றரை அங்குல ஸ்குரூவால் ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். பத்துப் பன்னிரண்டு போதும். கால் மிதிக்கிற இடத்தில் ஸ்குரூ வேண்டாம்.

றப்பர்

வெளிநாட்டில் குதிரை லாயத்து றப்பர் விரிப்பை எடுக்கிறார்கள். நமக்கு மாட்டுப் பட்டிக்குப் போடுகிற றப்பர் விரிப்பு. எனக்குக் கிடைத்தது 6 அடிக்கு 4 அடி, 20 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரே விரிப்பு போதும் என்று கண்டுபிடித்ததில் எனக்கு இன்னும் ஒரு சின்னப் பெருமை இருக்கிறது. நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 6 அடிக்கு 2 அடித் துண்டு இரண்டு. பார் விழுகிறது நடுப்பகுதியில்தான். முன்பக்கம் மிச்சமாகிற 2 அடிச் சதுரம் இரண்டையும் பலகைத் துண்டால் அடைத்தேன். அந்தத் துண்டுகள் மாமாவின் பட்டறையில் கிடந்தவை. அப்புறம் யோசித்துப் பார்த்தால், பின்னால் போகிற பாரைவிட முன்னால் விழுகிற பார் எனக்கு அதிகம், ஆகவே ஓரடி றப்பரை இன்னும் முன்னுக்கு இழுத்து அடைப்பை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் வைத்திருக்கலாம்.

றப்பர் பலகையைவிட 2 மில்லிமீற்றர் உயரமாக நிற்கும், நிற்கட்டும். பலகை உயரமாக இருந்தால்தான் விளிம்பு அடிபட்டுச் சிதறும்.

வெட்டுவது கை வேலை. மின் வாளால் முயன்றால் றப்பர் உருகிப் புகைந்து வாளின் அலகைப் பிடிக்கும். கோட்டுக்குக் கீழே ஒரு சட்டத்தை நீளமாக வையுங்கள், விரிப்பு இரண்டு பக்கமும் தொங்கி வெட்டு தானாக வாய் திறக்கும். இரும்புச் சட்டம் ஒன்றை மேலே பிடித்து, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, அலகு மாற்றுகிற மடிப்புக் கத்தியால் ஒரே கோட்டில் ஏழெட்டுத் தடவை இழுங்கள். ஒரே இழுப்பில் அறுக்கப் போனால் கத்தி விலகும், விலகினால் தொடையில்தான் நிற்கும். எனக்கு ஒரு விரிப்புக்கு நாலு கத்தி அலகு போனது.

புது றப்பர் ஒரு கிழமை வெயிலில் கிடக்கட்டும். இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினால் மணம் பாதியாகும். மீதிப் பாதிக்கு மூக்கு பழகும். போடும்போது பலகைக்கும் றப்பருக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி விடுங்கள். காண்டாவன வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே றப்பர் நீளும். இடைவெளி இல்லாவிட்டால் நடுவில் எழும்பும்.

றப்பரைத் திருகவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். அதன் எடையே 50 கிலோவுக்கு மேல். ஆனால் அடி விழ விழ மெல்ல வெளிப்பக்கம் நகரும். அதற்குச் சுற்றிவர ஒரு சட்டம். நாங்கள் போட்டது வேப்பஞ்சட்டம், 2 அங்குலத்தை ஒரு நூல் சீவி, மூன்று அடுக்கின் உயரத்துக்குச் சரியாக நிறுத்தி, பக்கவாட்டில் ஸ்குரூ. வேம்பைக் கறையான் லேசில் தொடாது. இரும்பு ஆங்கிளில் செய்தால் இன்னும் உறுதி. உப்புக் காற்றில் வருடா வருடம் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கப் பொறுமை இருப்பவர்கள் செய்யலாம்.

சட்டம் அடிப்பதற்கு முன் ஆச்சியிடம் போனேன். “ஆச்சி, குசினியில இருந்து கேட்டுச் சொல்லுங்கோ” என்றேன். 60 கிலோவை விட்டேன். 80. பிறகு 90. வேலிக்கு வந்து, “உரல் இடிக்கிற மாதிரிக் கேக்குது” என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “காலையில இடி. ராவில வேண்டாம்” என்றார். அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்குப் பிறகு பாரைக் கையோடு இறக்கி வைக்கிறேன். றப்பர் முகம் உள்ள பம்பர் பிளேட் இருப்பதால்தான் இந்த அளவு. வெறும் இரும்புப் பிளேட்டை எந்த மேடையிலும் மேலிருந்து விடாதீர்கள். பிளேட்டும் உடையும், பாரும் வளையும், ஆச்சியும் வருவார்.

பராமரிப்பு

மாரி தொடங்கும் முன், புரட்டாசியில், கூரை ஒழுக்கைப் பாருங்கள். மாரி நடக்கும்போது தூக்கி முடிந்ததும் கதவை அரை மணித்தியாலம் திறந்து விட்டு, வியர்வையைத் துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். சுவர் இடைவெளியில் கிழமைக்கு ஒருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள், விரல் தடிப்பில் மண் கோடு ஏறியிருந்தால் அது கறையான். கோட்டைத் தட்டிவிட்டால் மட்டும் போதாது, அது எந்த வெடிப்பிலிருந்து வருகிறது என்று தேடி மருந்து விட்டு, சீமெந்தால் அடைக்க வேண்டும்.

மாசியில் மழை விட்டதும் கழற்றுகிறேன். சட்டம், றப்பர், மேல் தாள், நடு அடுக்கு, அடி. இரண்டு பேருக்கு ஒரு காலை வேலை. தாள்களை வெயிலில் போடக்கூடாது, ஒரு முகம் மட்டும் காய்ந்து வளையும். நிழலில், ஒன்றுக்கொன்று படாமல், கீழே இரண்டு கட்டை வைத்து நிமிர்த்திச் சாய்த்தால் நாலைந்து நாளில் காய்ந்துவிடும். விளிம்பில் ரெசின் வெடித்த இடத்தைத் தேய்த்துத் திரும்பப் பூசுங்கள். ஸ்குரூத் துளை இளகியிருந்தால் ஈர்க்குத் துண்டைச் செருகி இறுக்குங்கள். றப்பரைத் திருப்பிப் போடும்போது இடத்தது வலம், வலத்தது இடம், முன் நுனி பின்னால். தேய்மானம் பரவும். இந்த வருடம் கழற்றியபோது நடு அடுக்குக்கும் அடிக்கும் நடுவில் ஒரு பூரான், ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி, மகளின் காதணி ஒன்று. ஈரம் இல்லை.